ஒரே ஒரு முடிச்சு

மின்சாரத்தோடு பழகுகிறவர்களுக்குப் பூமாதேவியிடம் அபாரமான பக்தி உண்டு. எந்தச் சுற்றுப் படத்தை வரைந்தாலும் அதன் அடியில், ஒன்றின் கீழ் ஒன்றாகக் குறுகிக்கொண்டே போகும் மூன்று சிறு கோடுகளைப் போட்டு, "இது கிரவுண்டு" என்று சொல்லிவிடுவார்கள். அதற்கு மேல் அங்கே கேள்வி கிடையாது. வேலை முடித்த மின்சாரமெல்லாம் அங்கே போய்ச் சேர வேண்டும். எல்லா அளவும் அங்கிருந்தே தொடங்க வேண்டும். ஐந்து வோல்ட் என்றால் கிரவுண்டுக்கு மேலே ஐந்து வோல்ட் என்று அர்த்தம். பொதிகை மலையின் உயரத்தைச் சொல்லும்போது கடல் மட்டத்திலிருந்து இத்தனை அடி என்கிறோம் அல்லவா? அந்தக் கடல் மட்டம் மாதிரிதான் கிரவுண்டும்.

கடல் மட்டமே ஏறி இறங்க ஆரம்பித்தால் என்ன செய்வது? பொதிகை மலை காலையில் ஓர் உயரமும் மாலையில் ஓர் உயரமுமாக இருக்கும். மலைக்கு ஒன்றும் ஆகியிராது. ஆனால் அளக்கிறவன் பேச்சை ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள்.

இது பொழுதுபோகாதவன் கேட்கிற கேள்வி என்று வாசகர்கள் நினைத்துவிடக் கூடாது. ஸ்ரீவைகுண்டத்தில் என் தம்பி குடும்பத்தார் இந்தக் கேள்வியின் காரணமாக இரண்டு ராத்திரி தூக்கம் கெட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஸ்ரீவைகுண்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குமரகுருபரர் பிறந்த ஊர். கள்ளபிரான் கோயில் கொண்ட ஊர். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி அணைக்கட்டு இங்கேதான் இருக்கிறது. அதிலிருந்து வடகால், தென்கால் என்று இரண்டு வாய்க்கால்கள் பிரிந்து, குளம் குளமாக நிரப்பிக்கொண்டு கிழக்கே போகின்றன. ஆகையால் இந்த ஊர்க்காரர்கள் கோடையில், தண்ணீர் வருமா என்று பேசுவார்கள்; மழைக்காலத்தில், எவ்வளவு வரும் என்று பேசுவார்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளுக்குப் பிறகு அந்தப் பேச்சின் தொனியே மாறிவிட்டது. ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் 60 சென்டிமீட்டருக்கு மேல். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், சுமார் 800 பிரயாணிகளோடு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனிலேயே நின்றுவிட்டது. அதற்கு அப்பால் தண்டவாளத்தின் அடியிலிருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் வாரிக்கொண்டு போய்விட, இரும்பு மட்டும் அந்தரத்தில் தொங்கியது. பக்கத்துப் புதுக்குடி மக்கள், தங்கள் வீட்டில் என்ன இருக்கிறது, என்ன போயிற்று என்று கணக்குப் பார்ப்பதற்கு முன்னால், அரிசியைக் கொண்டுவந்து பொங்கி அந்தப் பிரயாணிகளுக்குப் போட்டார்கள்.

தம்பி வீட்டில் தண்ணீர் நடுக்கூடம் வரைக்கும் வந்து, மூன்றாம் நாள்தான் வடிந்தது. சுவரில் அதன் கோடு இன்னும் இருக்கிறது. இரண்டு தடவை வெள்ளை அடித்தும் போகவில்லை. அதற்குப் பிறகு தம்பியின் மனைவிக்கு மழை பெய்தால் உறக்கம் கிடையாது. ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம், ஒரு படி அரிசி, மாத்திரை டப்பா எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டுத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு விழித்திருப்பாள்.

அவர்களுடைய பிள்ளை பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். தாயார் இப்படி விழித்துக் கிடப்பதைப் பார்க்கச் சகிக்காமல் ஒரு கருவி செய்தான். வடகால் கரையிலே ஒரு சிறு பாலத்துத் தூணில் குழாயைக் கட்டி, அதற்குள் நீரின் அழுத்தத்தை அளக்கும் உணரி ஒன்றை இறக்கினான். தண்ணீர் ஏற ஏற உணரி கொடுக்கும் மின் அழுத்தமும் ஏறும். பத்து மீட்டர் தண்ணீருக்கு ஐந்து வோல்ட் என்று கணக்கு. மேலே ஒரு பெட்டி. அதில் பாட்டரி, அளவை எண்ணாக மாற்றும் சில்லு, செல்போன் கோபுரத்தோடு பேசும் ஒரு மோடம். கால் மணிக்கு ஒரு முறை மோடம் அளவைச் செய்தியாக அனுப்பும். இடையில் தண்ணீர் திடீரென்று மூன்று சென்டிமீட்டருக்கு மேல் ஏறிவிட்டால் வீட்டுப் போனில் மணி அடிக்கும். "மணி அடிச்சா எந்திரிங்க அம்மா. அடிக்காட்டா நிம்மதியா ஒறங்குங்க" என்று சொல்லிக் கொடுத்திருந்தான்.

அடுத்த வருஷம் ஐப்பசியில் ஒரு ராத்திரி மணி அடித்தது. குடும்பமே மாடிக்கு ஏறியது. மறுபடி அடித்தது, மறுபடியும் அடித்தது. விடிந்து பார்த்தால் வாய்க்காலில் தண்ணீர் இருந்த இடத்திலேயே இருந்தது. நாலு நாள் கழித்து இன்னொரு ராத்திரி அதே கூத்து. மூன்றாவது தடவை மணி அடித்தபோது அவள் எழுந்திருக்கவில்லை. "அது கெடக்கு, அடிச்சிட்டு ஓயும்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டுவிட்டாள்.

நான் அந்த வாரம்தான் ஊருக்குப் போயிருந்தேன். தாயார் பயந்து எழுந்த இரண்டு ராத்திரிகளையும்விட, எழுந்திராத அந்த மூன்றாவது ராத்திரிதான் பையனை உலுக்கிவிட்டது. உணரியைக் கழற்றி வந்து, பின்கட்டில் ஒரு பீப்பாய் நிறையத் தண்ணீர் வைத்து, அதற்குள் அதைப் போட்டுவிட்டுக் காவல் இருந்தான். பீப்பாய்த் தண்ணீருக்கு மழையும் கிடையாது, மணிமுத்தாறும் கிடையாது. அப்படியும் அது நாலு சென்டிமீட்டர் ஏறியதாகக் கருவி சத்தியம் செய்தது! எப்போது ஏறுகிறது என்று பார்த்தால், மோடம் வாயைத் திறக்கும் சமயத்தில் மட்டும்.

"ஆறு ஏறல பெரியப்பா. அளக்கிற தரைதான் ஏறியிருக்கு" என்றான்.

விஷயம் இதுதான். செல்போன் மோடம் நம்மைப் போல நீளமாகப் பேசுவதில்லை. விநாடிக்கு 217 தடவை வெடிவெடியாகப் பேசுகிறது. ஒவ்வொரு வெடியும் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நீடிப்பதில்லை. ஆனால் அந்த வெடிக்கு இரண்டு ஆம்பியர் வரைக்கும் மின்சாரம் இழுக்கும். கோபுரம் பக்கத்தில் இருந்தால் மெதுவாகப் பேசும், குறைவாக இழுக்கும். கோபுரம் தூரத்தில் இருந்தால் உரக்கப் பேச வேண்டும். மழை ராத்திரியில் கரண்டு போய், பக்கத்துக் கோபுரம் அணைந்துவிட்டால், எட்டத்துக் கோபுரத்தைக் கூப்பிட மோடம் முழுத் தொண்டையையும் திறக்கிறது. அதனால்தான் வெயில் நாளில் ஒழுங்காக இருந்த கருவி மழை ராத்திரியில் மட்டும் பொய் சொல்லிற்று.

இந்த இரண்டு ஆம்பியர் வேலையை முடித்துவிட்டுக் கிரவுண்டு வழியாகத்தான் பாட்டரிக்குத் திரும்ப வேண்டும். பலகையில் கிரவுண்டு என்பது ஒரு செப்புக் கோடு. ஒரு மில்லிமீட்டர் அகலம், இரண்டு சென்டிமீட்டர் நீளம், வழக்கமான 35 மைக்ரான் கனம். இப்படி ஒரு கோட்டுக்கு ஓமில் நூறில் ஒரு பங்கு தடை உண்டு. நூறில் ஒரு பங்குதானே என்று படம் போடுகிறவர்கள் அதைப் பூஜ்யமாக வைத்துக்கொள்கிறார்கள். இரண்டு ஆம்பியர் அதில் ஓடும்போது கோட்டின் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் 0.02 வோல்ட் வித்தியாசம் வந்துவிடுகிறது. உணரியின் கிரவுண்டு கால் மோடத்தின் பக்கத்து முனையிலே கட்டப்பட்டிருந்தது. அளவைப் படிக்கும் சில்லின் கால் பாட்டரிப் பக்கத்து முனையிலே இருந்தது. ஆகையால் மோடம் கத்தும்போதெல்லாம் உணரி நிற்கிற தரை 0.02 வோல்ட் உயரும். பத்து மீட்டருக்கு ஐந்து வோல்ட் என்ற கணக்கில் அது எவ்வளவு? சரியாக நாலு சென்டிமீட்டர்!

இதற்குப் பிறகு நடந்ததுதான் பரிதாபம். செய்தி அனுப்ப மோடம் பேசுகிறது. பேசியதால் தண்ணீர் நாலு சென்டிமீட்டர் ஏறியதாகத் தெரிகிறது. ஏறியது என்று எச்சரிக்க மறுபடி பேசுகிறது. பேசியதால் மறுபடி ஏறுகிறது. தன் குரலைக் கேட்டுத் தானே மிரண்டு, மிரண்டதால் இன்னும் உரக்கக் கத்துகிற மனிதர்களை நாம் பார்த்திருக்கிறோம். ஒரு பெட்டியும் அப்படிச் செய்யும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்தவர்கள் இந்தத் தொல்லையை நன்றாக அறிந்தவர்கள். 1961-ஆம் ஆண்டோடு அங்கே முத்துச் சலாபம் நின்றுபோயிற்று. அதற்கு முந்திய காலத்தில், குளிக்கிறவன் ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு கடலுக்குள் இறங்குவான். அந்தக் கல்லுக்கு ஒரு கயிறு. சிப்பி அள்ளும் பைக்கும் அவனுக்கும் வேறொரு கயிறு. மூச்சு முட்டும்போது அந்த இரண்டாவது கயிற்றை ஓர் அசைப்பு அசைப்பான். மேலே தோணியில் நிற்கிறவன் உடனே இழுத்துவிடுவான். பாரம் சுமப்பது ஒரு கயிறு. செய்தி சொல்வது ஒரு கயிறு. இரண்டையும் ஒன்றாக்கியிருந்தால், அசைந்தது கல்லா, மனிதனா என்று மேலே நிற்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

பையனின் பலகையிலே பாரக் கயிறும் செய்திக் கயிறும் ஒன்றாக இருந்தன. இதற்குப் பரிகாரம் பழையது, எளியது. ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனிக் கிரவுண்டுக் கோடு போட வேண்டும். அவை வழியில் எங்கேயும் ஒன்றோடொன்று சேரக் கூடாது. கடைசியில் ஒரே ஓர் இடத்தில், பாட்டரியின் வாசலில், எல்லாம் கூட வேண்டும். நட்சத்திரம் மாதிரி இருப்பதால் ஸ்டார் கிரவுண்டு என்று பெயர். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு நட்சத்திரம் வேண்டாம். வைகாசியில் ஆழ்வார்திருநகரியில் நடக்கும் ஒன்பது கருட சேவை போதும். நவதிருப்பதி ஒன்பது கோயில் பெருமாள்களும் அவரவர் ஊரிலிருந்து புறப்பட்டு, நம்மாழ்வார் சந்நிதியில் வந்து கூடுகிறார்கள். கூடுவது அந்த ஓர் இடத்தில். மற்றபடி ஸ்ரீவைகுண்டத்தார் உற்சவம் ஸ்ரீவைகுண்டத்தில், பெருங்குளத்தார் உற்சவம் பெருங்குளத்தில். ஒரு கோயில் வழக்கில் இன்னொரு கோயில் தலையிடுவதில்லை.

பரிகாரம் தெரிந்துவிட்டது, இனிக் கோட்டைப் பிரித்துப் போட வேண்டியதுதானே என்றேன். பையன் சிரித்தான். "நமக்குத் தெரிஞ்சு போச்சு பெரியப்பா. இதுக்குத் தெரிய வைக்கணுமே" என்று கம்ப்யூட்டரைக் காட்டினான்.

இந்தக் காலத்தில் மின்சுற்றுப் பலகையை யாரும் கையால் வரைவதில்லை. அதற்கென்று மென்பொருள்கள் இருக்கின்றன. அவன் உபயோகிப்பது கீகேட் என்பது. பிரான்ஸில் கிரெனோபிள் நகரத்தில் ஆசிரியராயிருந்த ஜான்-பியேர் ஷார்ரா என்பவர் 1992-இல் தொடங்கியது. அணுத்துகள்களை மோதவிட்டு ஆராயும் செர்ன் ஆய்வுக்கூடம் 2013 முதல் அதற்கு உதவி செய்தது. காசு கொடுக்க வேண்டியதில்லை. பம்பாய் ஐ.ஐ.டி.யின் ஃபாஸி திட்டத்தார் நம் கல்லூரிப் பிள்ளைகளுக்காகச் செய்த ஈசிம் என்ற மென்பொருளுக்குள்ளும் இந்தக் கீகேட்தான் இருக்கிறது. பையன் அந்த வழியாகத்தான் இதைக் கற்றான்.

முதலில் சுற்றுப் படத்தை வரைய வேண்டும். எதற்கு எது உறவு என்பது மட்டும் அதில் இருக்கும். பிறகு பலகையைப் போட வேண்டும். எது எங்கே உட்காருகிறது, கோடு எப்படிப் போகிறது என்பது அதில் இருக்கும். முன்னதற்கும் பின்னதற்கும் இடையே மென்பொருள் மத்தியஸ்தம் செய்கிறது. மத்தியஸ்தர் ரொம்ப நேர்மையானவர். ஆனால் அவருக்குப் பெயர்கள் மட்டுமே தெரியும்.

நான் கதை எழுதுகிறவன். பெயர்களின் தொல்லை எனக்குத் தெரியும். ஒரு நாவலில் இரண்டு பேருக்கு ஒரே பெயர் வைத்துவிட்டால் வாசகர்கள் இரண்டு பேரையும் ஒருவராக்கிவிடுவார்கள். கீகேட்டும் அப்படித்தான். படத்தில் ஐந்து இடத்தில் கிரவுண்டு என்று ஒரே பெயர் எழுதினால் ஐந்தும் அதற்கு ஒன்றே. பலகையில் அந்த ஐந்தையும் சேர்க்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக, எது எதற்குக் கிட்டத்தில் இருக்கிறதோ அதற்கு அது என்று நூலாம்படை மாதிரி மெல்லிய கோடுகளைக் காட்டும். உணரிக்குக் கிட்டத்தில் மோடம் இருந்தால், உணரியை மோடத்தோடு கட்டு என்கும். கட்டிவிட்டால் திருப்தியடைந்து கோட்டை அழித்துவிடும். இன்ன இடத்தில்தான் சேர வேண்டும் என்ற நம்முடைய அபிப்பிராயத்தைச் சொல்ல அந்தப் பாஷையில் வார்த்தையே இல்லை. முதல் பலகை இப்படித்தான் பிறந்தது. மென்பொருள் அதற்கு ஒரு பிழையும் இல்லை என்று சான்றிதழ் கொடுத்திருந்தது.

சரி, இரண்டு பெயர் வைப்போம். மோடத்தின் பாரம் திரும்புவது 'பவர் கிரவுண்டு'. உணரியின் செய்தி திரும்புவது 'அனலாக் கிரவுண்டு'. இரண்டும் கடைசியில் சேர வேண்டுமே என்று படத்தில் ஒரு கம்பி போட்டு இணைத்தான். உடனே மத்தியஸ்தர், ஒரே கம்பிக்கு இரண்டு பெயர் இருக்கிறது, ஆகையால் இந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொள்கிறேன் என்று அறிவித்துவிட்டு இரண்டாவது பெயரைக் கைவிட்டார். மறுபடி எல்லாம் ஒன்று!

படத்தில் இணைக்காமல் விட்டு, பலகையில் மட்டும் இரண்டு செப்பையும் ஓர் இடத்தில் தொட வைத்தான். இப்போது சிவப்பு அம்பு வந்தது. வேற்றுப் பெயர்கள் ஒட்டிக்கொண்டன, ஷார்ட் சர்க்யூட் என்று ஒரே கூச்சல்.

"இது தெரிஞ்ச பிழைதானே. பரவாயில்லை என்று விட்டுவிட முடியாதா?" என்று கேட்டேன்.

"நெறையப் பேரு அப்படித்தான் விடுதாங்க" என்றான். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து, "அம்மா மூணாவது தடவை எந்திரிக்காம இருந்தாங்கள்ல, அது மாதிரி ஆயிரும் பெரியப்பா" என்றான்.

நான் அயர்ந்து போனேன். பொய்யென்று தெரிந்த ஓர் எச்சரிக்கையைத் தினமும் பார்த்துப் பழகிவிட்டால் நாளைக்கு அதே சிவப்பு நிறத்தில் நிஜமான எச்சரிக்கை வரும்போது கண் அதன் மேல் நிற்காது. பலகையின் இன்னொரு மூலையில் இரண்டு கோடுகள் தற்செயலாக ஒட்டிக்கொண்டால் அதற்கும் அதே அம்புதான். எச்சரிக்கையை அடியோடு நிறுத்தி வைத்தாலும் ஆபத்து, சகித்துக்கொண்டாலும் ஆபத்து. தேவையாயிருப்பது வேறு. இந்த ஓர் இடத்தில் மட்டும் நாங்கள் தெரிந்தே சேருகிறோம், இங்கே நீ பேசாதிரு, வேறெங்கே சேர்ந்தாலும் கத்து என்று அதனிடம் சொல்லத் தெரிய வேண்டும்.

சொல்வதற்கு இரண்டு வழி இருக்கிறதாம். ஒன்று, இரண்டு கிரவுண்டுக்கும் நடுவில் ஒரு ரெசிஸ்டரை வைப்பது. பூஜ்ய ஓம் ரெசிஸ்டர்! தடையே இல்லாத தடை. பெயரைக் கேட்டால் சிரிப்பு வருகிறது. ஆனால் கடையில் அப்படி ஒன்றை நிஜமாகவே விற்கிறார்கள். மென்பொருளின் கண்ணுக்கு அது ஓர் உருப்படி. இந்தப் பக்கம் ஒரு பெயர், அந்தப் பக்கம் ஒரு பெயர். மத்தியஸ்தருக்கு ஆட்சேபம் இல்லை. சந்தேகம் வந்தால் அதைக் கழற்றிப் பார்த்துச் சோதனை செய்யலாம் என்ற சௌகரியமும் உண்டு. ஆனாலும் வாங்க வேண்டும், ஈயம் வைத்துப் பற்ற வேண்டும், அது விட்டுப் போனால் கருவியே நின்றுவிடும்.

மற்றொன்றுக்கு நெட் டை என்று பெயர். கழுத்தில் கட்டுகிற டை என்று நினைத்தேன். முடிச்சு என்று அர்த்தமாம். கீகேட்டின் பொருள் பட்டியலில் தயாராக இருக்கிறது. இரண்டு கால், மூன்று கால், நாலு கால் வரைக்கும் உண்டு. படத்தில் இதுவும் ஓர் உருப்படி மாதிரியே உட்காருகிறது. ஒரு காலுக்கு ஒரு பெயர். பலகையில் பார்த்தால் உருப்படி ஒன்றும் கிடையாது. கால்களும் நடுவே அவற்றைச் சேர்க்கும் சிறு செப்புத் துண்டும் மட்டும்தான். வாங்க வேண்டியதில்லை, பற்ற வேண்டியதில்லை. முந்திய பதிப்புகளில் இதைக் குறிச்சொல் எழுதி அடையாளம் காட்ட வேண்டியிருந்தது. 2023 பிப்ரவரியில் வந்த ஏழாம் பதிப்பிலிருந்து, இன்ன கால்கள் இன்ன கால்களோடு சேரலாம் என்று அந்த முடிச்சுக்குள்ளேயே எழுதி வைக்க வகை செய்திருக்கிறார்கள். அதன் எல்லைக்குள் செப்புகள் சேர்ந்தால் மென்பொருள் வாய் திறக்காது. எல்லைக்கு வெளியே இரண்டு கிரவுண்டும் மயிரிழை தொட்டாலும் சிவப்பு அம்பு பறக்கும்.

பையன் முடிச்சைப் பாட்டரி வாசலில் போட்டான். அப்புறம் வேண்டுமென்றே மூலையில் இரண்டு கிரவுண்டையும் தொட வைத்துப் பார்த்தான். கத்தியது. எடுத்தான். அமைதி. எனக்கு அந்த அமைதி ரொம்பவும் பிடித்திருந்தது. முதல் பலகையின் அமைதி ஒன்றும் தெரியாதவனின் அமைதி. இது தெரிந்தவனின் அமைதி.

எல்லாவற்றுக்கும் ஸ்டார் கிரவுண்டே சஞ்சீவி என்று நான் சொல்லிவிட்டுப் போனால் விஷயம் தெரிந்த வாசகர்கள் சண்டைக்கு வருவார்கள். பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றிய ஹென்றி ஆட் என்ற அமெரிக்கப் பொறியாளர், கிரவுண்டைத் துண்டு துண்டாகப் பிரிப்பதைவிட ஒரே தகடாக விட்டு, சாமான்களை இடமறிந்து வைப்பதே பெரும்பாலும் நல்லது என்று வாதித்தார். அதற்குக் காரணம் உண்டு. மெதுவாக மாறும் மின்சாரம் தடை குறைந்த வழியைத் தேடிப் பரவித் திரும்புகிறது. விநாடிக்குக் கோடிக்கணக்கில் மாறும் மின்சாரமோ, தான் போன கோட்டின் நேர் அடியிலேயே, நிழல் மாதிரி திரும்ப விரும்புகிறது. அந்த நிழல் வழியில் பிளவு இருந்தால் அது ஊரைச் சுற்றி வரும். சுற்றுகிற வழியெல்லாம் இரைச்சல் போடும். மோடத்தின் 217 வெடிகள் இந்தக் கணக்கில் மெதுவானவை. அவற்றுக்கு முடிச்சு பொருந்தும். மோடத்தின் உள்பேச்சு வேகமானது. ஆகையால் அதன் அடியில் ஒரு முழுச் செப்புத் தகட்டைப் பிளவில்லாமல் விட்டான். சில்லிலிருந்து மோடத்துக்குப் போகும் கோடுகளை, முடிச்சு இருக்கும் இடத்தின் மேலாகவே தாண்டவிட்டான். மற்ற இடத்தில் தாண்டினால் அவை திரும்ப வழி இல்லாமல் தவிக்கும் என்றான். ஆற்றைக் கடக்கிறவன் பாலம் இருக்கும் இடத்தில் கடக்க வேண்டும். இதில் என்ன அதிசயம் என்று நான் கேட்கவில்லை. அவன் சந்தோஷத்தைக் கெடுப்பானேன்?

புதிய பலகைகள் கூரியரில் வந்து சேர இரண்டு வாரம் ஆயிற்று. அதே பீப்பாய், அதே தண்ணீர், அதே உணரி. மோடத்தை முழுத் தொண்டையில் பேச வைக்க வேண்டும் என்பதற்காக அதன் ஆன்டெனாவைத் தகர டப்பாவுக்குள் திணித்து, எட்டத்துக் கோபுரத்தைக் கூப்பிடும் நிலைமையை உண்டாக்கினான். நூறு தடவை பேச வைத்தான். பீப்பாயில் தண்ணீர் ஒரு மில்லிமீட்டர்கூட ஏறவில்லை. பிறகு ஒரு குடம் தண்ணீரை எடுத்து ஊற்றினான். வீட்டுக்குள்ளே போன் மணி அடித்தது.

தம்பியின் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இப்ப நெசமாவே ஏறிச்சா?" என்று கேட்டாள்.

"ஏறிச்சும்மா. நான்தான் ஊத்துனேன்."

அவள் நம்பியதாகத் தெரியவில்லை. பீப்பாய்க்குப் பக்கத்தில் வந்து, தானே ஒரு செம்பு தண்ணீரை எடுத்து வெளியே கொட்டினாள். மணி அடிக்கவில்லை. ஒரு குடம் நிறைய மொண்டு பீப்பாயில் ஊற்றினாள். அடித்தது. இப்படி மூன்று தடவை செய்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். ஒரு பரீட்சை அதிகாரியின் முகத்தில்கூட நான் அவ்வளவு கடுமையைப் பார்த்ததில்லை. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. பொய்க்கு இரண்டு ராத்திரி கொடுத்தவள் மெய்க்கு மூன்று குடம் கேட்கிறாள்.

இந்தப் பெட்டி வெள்ளத்தை நிறுத்திவிடாது. 2023-இல் வந்த மாதிரி ஒரு மழை மறுபடி வந்தால் வடகாலும் நிரம்பும், நடுக்கூடமும் நிரம்பும். துணிப்பையை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏற ஒரு மணி நேரம் முன்கூட்டிக் கிடைக்கலாம். அந்த ஒரு மணி நேரத்துக்கு மதிப்பு இருக்க வேண்டுமானால், வருஷத்தின் மற்ற ராத்திரிகளிலெல்லாம் மணி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும்.

பலகையைப் பெட்டிக்குள் வைத்து மூடுமுன் நான் அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பச்சைத் தகட்டில் பாட்டரிக் கம்பி வந்து சேரும் மூலையில், அரிசி மணியளவு ஒரு செப்புத் துண்டு. அதைச் சுற்றி வெள்ளை மையில் ஒரு கட்டம் போட்டு, பிற்காலத்தில் இதைத் திருத்த வருகிற யாரோ ஒருவருக்காகப் பையன் தமிழில் அச்சடித்திருந்தான்: "இங்கே மட்டும்."